குறிகள் எல்லாம் சரி, வண்டி மட்டும் ஏறவில்லை: டைமிங் பெல்ட் சந்தேகத்தில் வந்த ஒரு பழைய காரின் நிகழ்வு ஆய்வு

வண்டி 1998 மாடல் பெட்ரோல் செடான். 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, கார்பரேட்டர், முன்சக்கர இழுவை. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்) ஒரே ஒன்று, கீழே பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கிலிருந்து அதைச் சுற்றுவது டைமிங் பெல்ட். பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் அந்தக் கேமின் பின்முனையிலேயே மாட்டியிருக்கும். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கம்பெனி பெயரை எழுதவில்லை. நடந்ததில் கம்பெனியின் பிழை எதுவும் இல்லை, இதே அமைப்பு அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் உண்டு. ஓடோமீட்டரில் 1,40,000 கி.மீ. காட்டியது. டைமிங் பெல்ட்டும் கிராங்க்கின் முன்பக்க ஆயில் சீலும் 1,12,000-இல் வேறொரு பட்டறையில் மாற்றியவை.

சொந்தக்காரர் கோத்தகிரியில் இருக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். மேட்டுப்பாளையத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு மலை ஏறும்போது, ஒரு வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றி ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார். சைலன்சரில் 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி தளர்ந்து நின்றுவிட்டது. அதன் பிறகு செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எப்போதாவது ஒருமுறை இருமுகிறது, சில நொடி நடுங்கி ஓடுகிறது, அணைந்துவிடுகிறது.

வழியில் பார்த்த மெக்கானிக் கேட்டவுடனே, "டைமிங் பெல்ட் போச்சுங்க சார், மேல செல்ஃப் அடிக்காதீங்க" என்றிருக்கிறார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். அப்புறம் பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். பெல்ட் முழுசாக இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து செல்ஃப் அடிக்கச் சொன்னால் உள்ளே பொறியைத் திருப்பிவிடும் ரோட்டர் சுற்றியது. உடனே தீர்ப்பு மாறிவிட்டது: "பெல்ட் நல்லா இருக்குங்க. அப்ப வால்வுதான் வளைஞ்சிருக்கும்." கீழே இறக்கிக் கொண்டுபோன பட்டறையில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும் அழுத்தம், அளந்தார்கள். நான்கிலும் குறைவு. ஹெட்டை இறக்க வேண்டும், வால்வு, கைடு, கேஸ்கட் எல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரு மதிப்பீட்டைக் கையில் கொடுத்தார்கள். வண்டியின் விலையில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும் என்று தோன்றியதால், இன்னொரு பேச்சு கேட்டுவிடலாம் என்று எங்கள் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

முதலில் காது, அப்புறம் ஸ்பேனர்

டைமிங் பெல்ட்டைப் பற்றி இரண்டு வரி. பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள் கீழே இருந்தது, குட்டையான ஒரு சங்கிலி அதைச் சுற்றியது. கேம் மேலே ஹெட்டுக்குப் போனபோது தூரம் கூடியது. நீளமான சங்கிலிக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பெல்ட் போடலாம் என்று ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் தன் 1004 காரில் செய்து காட்டியது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது பழகியது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சின் வழியாக. பெல்ட்டுக்கு ஆயில் வேண்டாம், சத்தம் குறைவு, விலை குறைவு. ஆனால் சங்கிலி மாதிரி கரகரவென்று சத்தம் போட்டு முன்கூட்டியே எச்சரிக்காது. நேற்று வரை ஓடும், இன்று அறுந்துவிடும்.

அறுந்துவிட்டால் கேம் நின்றுவிடும், பிஸ்டன்கள் மட்டும் ஏறி இறங்கும். சில எஞ்சின்களில் திறந்தபடி நின்ற வால்வைப் பிஸ்டன் போய் இடிக்கும். சிலவற்றில் இரண்டுக்கும் நடுவே இடம் விட்டு வடிவமைத்திருப்பார்கள், அங்கே பெல்ட் மாற்றினால் போதும். உங்கள் எஞ்சின் எந்த வகை என்று உறுதியாகத் தெரியும் வரை செல்ஃப் அடிக்கக் கூடாது. ஓடும்போது பெல்ட் அறுந்தும் பிழைத்த வால்வைக்கூட 'இன்னும் ஒரு தடவை பார்ப்போம்' என்கிற ஆசை வளைத்துவிடும்.

அறுந்த பெல்ட்டுக்கு ஒரு சத்தம் உண்டு. சரியான எஞ்சினில் செல்ஃப் அடிக்கும்போது 'உர்... உர்... உர்' என்று ஏறி இறங்கிக் கேட்கும், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது மோட்டார் கொஞ்சம் திணறும். பெல்ட் அறுந்திருந்தால் அந்தத் திணறல் போய்விடும், வேகமாக, ஒரே சீராகச் சுற்றும். இந்த வண்டியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம். ஏற்ற இறக்கம் இருந்தது, ஆனால் மெலிந்திருந்தது. பெல்ட் அறவே போயிருந்தால் இப்படிக் கேட்காது. எல்லாம் சரி என்றாலும் இப்படிக் கேட்காது.

வழியில் பார்த்த மெக்கானிக் ரோட்டரைப் பார்த்தது நல்ல சோதனைதான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கேம் சுற்றுவதால், ரோட்டர் சுற்றினால் கேம் சுற்றுகிறது. ரோட்டர் இல்லாத வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வால்வை அமுக்கும் ராக்கர் அசைகிறதா என்று பார்க்கலாம். இதைச் செய்யாமல் மேல்மூடியைத் திறந்து பெல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு 'முழுசாக இருக்கிறது' என்று சொல்பவர்கள் ஏமாறுவார்கள். கீழே கிராங்க் பல்சக்கரம் சின்னது, அங்கே பெல்ட்டின் நாலைந்து பல் வழித்துக்கொண்டு போயிருக்கும். மேலே பார்த்தால் புதுசு போல இருக்கும்.

ஆனால் ரோட்டர் சோதனை பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கேம் சுற்றுகிறதா? கேம் சரியான நேரத்தில் சுற்றுகிறதா என்பது தனிக் கேள்வி. அந்த இடத்தில்தான் இந்த வண்டியின் வைத்தியம் தடம் மாறிப்போனது.

பெட்ரோல், கரண்ட் இரண்டையும் சீக்கிரம் முடித்தோம். பிளக்குகள் ஈரமாக இருந்தன, பெட்ரோல் வருகிறது. நான்கிலும் நீலப் பொறி நன்றாக விழுந்தது.

நான்கிலும் ஒரே குறை

கம்ப்ரஷனை மறுபடி அளந்தோம். பிளக் நான்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்து, பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கும்போது. 128, 125, 130, 127 பி.எஸ்.ஐ. இந்த எஞ்சின் நல்ல நிலையில் 170-க்கு மேல் காட்ட வேண்டும்.

முந்தைய பட்டறையின் அளவும் கிட்டத்தட்ட இதேதான். அவர்கள் எண்ணைச் சரியாக எடுத்தார்கள். அந்த எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதை யாரும் கேட்கவில்லை. வால்வு வளைந்தால் நான்கிலும் ஒரே அளவாகவா வளையும்? இரண்டில் 130 காட்டும், ஒன்றில் 40, ஒன்றில் பூஜ்யம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கட் என்றால் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு விழும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் நான்கிலும் குறையலாம்தான், ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கும், புகை வரும், ஆயில் குடிக்கும். ஒரு வளைவில் 'டப்' என்று நடக்காது. சந்தேகம் வேண்டாம் என்று ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு அளந்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து அளவு ஏறும். ஐந்து பி.எஸ்.ஐ. கூட ஏறவில்லை.

நான்கு சிலிண்டரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு கெட்டுப்போகிறது என்றால், நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அது வால்வு திறந்து மூடும் நேரம். இன்டேக் வால்வு பொதுவாகப் பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே கிளம்பிய பிறகுதான் மூடும். அது இன்னும் தாமதமானால், உள்ளே இழுத்த காற்றில் ஒரு பங்கை ஏறி வரும் பிஸ்டன் வந்த வழியே வெளியே தள்ளிவிடும். மிச்சத்தைத்தான் அமுக்க முடியும். 170 எப்படி 128 ஆகிறது என்பதற்கு அந்தக் கணக்கு சரியாகப் பொருந்தியது.

எப்படியோ சில நொடி ஓடியபோது, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் வாக்யூம் கேஜ் மாட்டிப் பார்த்தோம். நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். இது 10-இல் நின்றது, முள் ஆடாமல். வால்வு ஒன்று ஒட்டினாலோ எரிந்தாலோ முள் துள்ளும். ஆடாமல் தாழ்ந்து நிற்கும் முள் டைமிங் தாமதத்தைத்தான் முதலில் காட்டும்.

ஆகவே வழியில் பார்த்த மெக்கானிக்கின் முதல் வார்த்தைக்கே திரும்பினோம். பெல்ட் அறவில்லை, ஆனால் ஒன்றிரண்டு பல் தாண்டியிருக்கும். ரொம்பச் சாதாரணமாக நடப்பது அது.

அப்புறம் குறிகளைப் பார்த்தோம். கிராங்க் புல்லியின் வெட்டுக்குறியைக் கீழ்மூடியில் உள்ள பூஜ்யத்துக்கு (முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம், அதுதான் 'டாப்') நேராக நிறுத்தினால், மேலே கேம் பல்சக்கரத்தின் புள்ளி தன் குறிக்கு மிக நேராக நின்றது. முடியளவு கூட விலகல் இல்லை. பெல்ட்டின் இழுவிசை சரி. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சத்தமில்லாமல் சுற்றியது. பல் எதுவும் வழிக்கவில்லை. பொறி விழும் கணத்தில் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தால், இருமி ஓடிய அந்தச் சில நொடிகளில் புல்லிக்குறி 10 பாகை முன்னால் மின்னியது. கையேட்டில் சொல்வதும் அதேதான்.

எங்கள் பட்டறைத் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, பெல்ட் ஓகே, டைமிங் ஓகே, பொறி ஓகே. அப்ப ஹெட்டுதான்" என்றான். அந்த நிமிடம் ஹெட்டை இறக்கத் தொடங்கியிருந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. எடுத்த சோதனை எல்லாம் அந்தப் பக்கம்தான் தள்ளின.

டாப் எங்கே இருக்கிறது?

ஹெட்டில் கைவைக்கும் முன் எங்கள் பழக்கம், கசிவுச் சோதனை. பிஸ்டனை கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டு, எங்கே கசிகிறது என்று காது கொடுப்பது. கார்பரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, டாப் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் எஞ்சினைத் திருப்பினோம். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புவது எளிது. ஆனால் காரணம் தெரியாத வண்டியில், யாரோ இறுக்கிய போல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் ஒரு தடயம். அதை நாமே கலைத்துவிடக் கூடாது. புல்லிக்குறியைப் பூஜ்யத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காற்றைத் திறந்தோம். எஞ்சின் விருட்டென்று முன்னோக்கித் திரும்பியது, புல்லியோடு சேர்ந்து. யாருடைய விரலும் பெல்ட் பக்கத்தில் இல்லாதது நல்லதாயிற்று.

டாப்பில் நிற்கும் பிஸ்டனைக் காற்று தள்ளினால் கனெக்டிங் ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும், சுற்றுவதற்குப் பிடி கிடைக்காது. ஓரிரு பாகை தப்பினால் மெல்லத் திரும்பும். இவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டுமானால் பிஸ்டன் ஏற்கெனவே நன்றாக இறங்கியிருக்க வேண்டும். ஆனால் குறி டாப் என்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த எஞ்சினில் வெளிப் புல்லி நேராகக் கிராங்கில் உட்காரவில்லை. டைமிங் பல்சக்கரத்தின் முகத்தில் சின்ன போல்ட்டுகளால் மாட்டியிருக்கிறது. பல்சக்கரம் மட்டும்தான் கிராங்கின் மூக்கில், கீ என்கிற ஒரு சின்ன இரும்புத் துண்டின் துணையோடு உட்கார்ந்து, நடுவில் ஒரு பெரிய போல்ட்டால் இறுகியிருக்கிறது. புல்லிக்குறி பல்சக்கரத்தைச் சார்ந்தது. கேம்குறி பெல்ட் வழியாக அதே பல்சக்கரத்தைச் சார்ந்தது. பொறி விழும் நேரமோ டிஸ்ட்ரிபியூட்டர், கேம், பெல்ட் என்று சுற்றி வந்து அதே பல்சக்கரத்தில்தான் முடிகிறது. டைமிங் லைட் ஒப்பிட்டது அந்தப் பொறியையும் புல்லிக்குறியையும். ஒரே வீட்டு ஆட்கள் நான்கு பேர் ஒருவருக்கொருவர் சொன்ன சாட்சியைத்தான் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தோம். பல்சக்கரம் கிராங்கின் மேல் நழுவியிருந்தால் இவை அத்தனையும் சேர்ந்தே நழுவும், ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தும். பிஸ்டன் ஒன்றுதான் வெளியாள்.

பிஸ்டனைக் கேட்க வழி எளிது. முதல் சிலிண்டரின் பிளக் துளையில் நீளமான மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, பிஸ்டன் தலையில் தொட்டு நிற்க வைத்தோம். (துளை ரொம்பச் சாய்வாக இருக்கும் எஞ்சினில் கம்பி மாட்டி வளையும், கையால் மெல்லத்தான் சுற்ற வேண்டும். செல்ஃப் பக்கமே போகக் கூடாது.) டாப்பை நேராகக் கண்டுபிடிக்க முயல்வது வீண். அங்கே சில பாகை திரும்பினாலும் பிஸ்டன் அசைவதே தெரியாது. கம்பி மேலே வரும்போது ஓர் உயரத்தில் நிறுத்திப் புல்லியில் ஒரு கோடு போட்டோம். அதே திசையில் தொடர்ந்து சுற்றி, கம்பி டாப்பைத் தாண்டி இறங்கி அதே உயரத்துக்கு வரும்போது இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரிநடு உண்மையான டாப். இடையில் பின்னோக்கித் திருப்பவே கூடாது. எங்காவது ஆட்டம் இருந்தால் கணக்கு கெட்டுவிடும்.

நடுக்கோடும் புல்லியின் வெட்டுக்குறியும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். 33 மில்லிமீட்டர் தள்ளியிருந்தன. புல்லியின் சுற்றளவு 440 மி.மீ., அப்படியானால் ஒரு பாகைக்கு 1.2 மி.மீ. ஆக 27 பாகை. குறி 'டாப்' என்று சொல்லும்போது பிஸ்டன் டாப்பைத் தாண்டி ஏறத்தாழ 5 மி.மீ. கீழே போய்விட்டிருந்தது.

அந்த 27 என்ற எண்ணே பெல்ட்டைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டது. கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல். பெல்ட் ஒரு பல் தாண்டினால் 18 பாகை, இரண்டு தாண்டினால் 36. ஒன்றரைப் பல் தாண்டுவது பெல்ட்டால் முடியாத காரியம். இடையில் ஒரு கோணம் வருகிறது என்றால், பல் இல்லாத ஓர் இடத்தில் நழுவல் நடந்திருக்கிறது.

பொறியின் கதையும் இப்போது புரிந்தது. லைட் காட்டிய '10 பாகை முன்னால்' உண்மையில் டாப்பைத் தாண்டி 17 பாகை. பிஸ்டன் இறங்க ஆரம்பித்த பிறகு பற்றவைத்தால் வேலை எங்கே நடக்கும்? எரியும் வாயு பாதியில் எக்ஸாஸ்ட்டுக்குப் போய்ச் சைலன்சரில் வெடிக்கும். மலைப்பாதையில் கேட்ட சத்தம் அதுதான்.

கழற்றியபோது

புல்லியை எடுத்துவிட்டு நடு போல்ட்டில் ஸ்பேனர் போட்டோம். இந்த அளவு எஞ்சினில் அந்த போல்ட் பொதுவாக 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுகியிருக்கும். குழாயை நீட்டி, உடல் எடையைக் கொடுத்தால்தான் கிளம்பும். இது கை நீளத்திலேயே கிளம்பிவிட்டது. வாஷரின் பின்பக்கம் கண்ணாடி போல் பளபளத்தது, அவ்வளவு நாள் தேய்ந்திருக்கிறது. பல்சக்கரத்தைச் சுற்றி துரு மாதிரி செம்பழுப்புப் பொடி படிந்திருந்தது. தண்ணீர் பட்ட துரு அன்று அது. இறுக்கம் போதாத இரண்டு இரும்பு முகங்கள் நுண்ணிய அளவில் ஒன்றன்மேல் ஒன்று அசைந்துகொண்டே இருந்தால் இந்தப் பொடி உதிரும். பல்சக்கரத்தை இழுத்ததும் கீ இரண்டு துண்டாக வந்தது. அடிப்பாதி கிராங்கில், மேல்பாதி பல்சக்கரத்தில். வெட்டுப்பட்ட விளிம்புகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்ததால்தான் பல்சக்கரம் அந்த 27 பாகையில் மாட்டி நின்றிருக்கிறது. இல்லாவிட்டால் இன்னும் நழுவியிருக்கும்.

ஏன் வெட்டுப்பட்டது? பலர் நினைப்பது, கிராங்கின் சுற்றுவிசையைப் பல்சக்கரத்துக்குக் கடத்துவது அந்தக் கீ என்று. அது பாதி உண்மைகூட இல்லை. கீயின் வேலை பொருத்தும்போது கோணத்தைக் காட்டுவது. விசையைத் தாங்குவது போல்ட்டின் இறுக்கமும், அதனால் முகங்களுக்கு இடையே வரும் உராய்வும்தான். போல்ட் தளர்ந்தால் அந்தச் சின்ன இரும்புத் துண்டு தனக்கு இல்லாத வேலையைச் செய்ய வேண்டி வருகிறது. அதுவும் ஒரே திசையில் வரும் விசை இல்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஒரு துள்ளு துள்ளும். வால்வு ஸ்பிரிங்குகள் கேமை ஒருமுறை பின்னுக்கு இழுக்கும், மறுமுறை முன்னுக்குத் தள்ளும். மலையில் ஏறும்போது ஒரு பக்கம் அழுத்தம், கியரிலேயே இறங்கும்போது மறுபக்கம். 28,000 கி.மீ. தூரம் அந்தக் கீ முன்னும் பின்னும் அடி வாங்கி, தான் உட்காரும் பள்ளமான கிராங்கின் கீவேயை அகலப்படுத்தியிருக்கிறது, கடைசியில் தானும் போய்விட்டது.

சொந்தக்காரரை உட்காரவைத்து, பெல்ட் மாற்றிய பிறகு இந்த இரண்டு வருடத்தில் வேறு என்ன தொந்தரவு என்று கேட்டேன். "ஒண்ணும் பெருசா இல்ல தம்பி. புல்லிங் கொஞ்சம் கம்மி. ஆல்டர்னேட்டர் பெல்ட்தான் அடிக்கடி கத்தும், மாத்திக்கிட்டே இருந்தேன். நின்னா முன்பக்கம் லேசா டக் டக்குனு கேக்கும், டேப்பட்னு சொன்னாங்க" என்றார். புல்லி கோணலாக ஆடினால் அதில் ஓடும் பெல்ட் கத்தாமல் என்ன செய்யும்? பழைய வண்டியின் சொந்தக்காரர்கள் இப்படித்தான். நோயை விட்டுவிட்டுச் செலவை மட்டும் ஞாபகம் வைத்திருப்பார்கள். முதலில் கேட்டபோது "பெல்ட் மாத்தி ரொம்ப நாள் ஆகல" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அது உண்மைதான். ஆயில் சீலை மாற்ற நடு போல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும், அதைத் திரும்பப் போட்டவர் போதுமான அளவு இறுக்கவில்லை. கியரில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு கையளவில் இறுக்கினால் இதுதான் கதி. டயரும் ஷாஃப்டும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், போல்ட் இறுகிவிட்டது என்று கைக்குத் தோன்றும்.

சரிசெய்தது

இதற்கு முறையான வைத்தியம் கிராங்கை மாற்றுவதுதான். எஞ்சினை இறக்க வேண்டும், பேரிங்குகள் மாற்ற வேண்டும். வண்டியின் மதிப்புக்கு அது கட்டுப்படியாகாது என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார், எங்களுக்கும் அதே கருத்துதான். கிராங்கின் மூக்கு வட்டம் கெடாமல், கீறலோடு மட்டும் இருந்ததால் இரண்டாவது வழிக்கு இடம் இருந்தது. மூக்கு தேய்ந்து போயிருந்தால் இந்த வழியை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

கோவையில் புதுப் பல்சக்கரமும் புது போல்ட்டும் கிடைத்தன. அகன்றுபோன கீவேயின் சுவர்களை நேராக்கிவிட்டு, லேத் பட்டறையில் படி வைத்த கீ ஒன்று செய்யச் சொன்னோம். அடிப்பாகம் கிராங்கின் அகன்ற பள்ளத்துக்கு, மேல்பாகம் பல்சக்கரத்தின் பழைய அளவுக்கு. இதில் ஒரு கண்ணி உண்டு. பள்ளம் ஒரு பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. மேல்பாகத்தை அடிப்பாகத்தின் சரிநடுவில் வைத்துச் செய்தால் பல்சக்கரம் கோணத்தில் தள்ளி உட்காரும். கிராங்க் மூக்கின் ஆரம் 14 மி.மீ. அங்கே 1 மி.மீ. தப்பினால் 4 பாகைக்கு மேல் தப்பும். தேயாத பக்கத்துச் சுவரிலிருந்து அளந்து கொடுத்தோம். கீ வந்ததும் பசை எதுவும் போடாமல் பொருத்தி, அதே கம்பி முறையில் டாப்பைக் கண்டுபிடித்துக் குறியோடு ஒப்பிட்டோம். முதல் கீ 2 பாகை தள்ளியிருந்தது, திருப்பிக் கொடுத்தோம். இரண்டாவது குறியோடு பொருந்தியது. பிறகுதான் முகங்களை நன்றாகத் துடைத்து, உலோக இடுக்கை நிரப்பி இறுகும் பசையைப் பூசி, ஃப்ளைவீலைப் பூட்டி, டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினோம். பசை காய ஒரு நாள் முழுக்க எஞ்சினைத் தொடவில்லை.

பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மாற்றினோம். ஆடிய பல்சக்கரத்தில் இவ்வளவு தூரம் ஓடிய பெல்ட்டின் ஓரம் எப்படியும் தேய்ந்திருக்கும், கூலி ஏற்கெனவே செலவான வேலையில் பெல்ட் விலையை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. ஹெட்டை யாரும் தொடவில்லை. உண்மையான டாப்பில் கசிவுச் சோதனை செய்தபோது வால்வு எதுவும் சீறவில்லை. 27 பாகை தாமதத்தில் இந்த எட்டு வால்வு எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் சந்திக்கவில்லை. இடம் நெருக்கமாக வைத்த பதினாறு வால்வு எஞ்சின்கள் சிலவற்றில் இதே நழுவலுக்கு வால்வு வளைந்திருக்கும்.

எஞ்சின் தொட்டவுடன் எடுத்தது. கம்ப்ரஷன் 172 முதல் 176 வரை. ஐட்லிங்கில் வாக்யூம் 18.5. முன்பக்க டக் டக் சத்தம் போய்விட்டது, அதற்காக அவர் ஏற்கெனவே இருமுறை டேப்பட் (வால்வு இடைவெளி) செட்டிங்குக்குக் காசு கொடுத்திருக்கிறார்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கம்ப்யூட்டர் உள்ள எஞ்சினில் கேமும் கிராங்கும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்கேனரில் பி0016 என்ற பிழை வரலாம். கிராங்க் சென்சார் ஃப்ளைவீல் பக்கம் இருந்தால் இந்தக் கீ நழுவலை அது பிடித்துவிடும், ஏனென்றால் ஃப்ளைவீல் கிராங்கோடு சேர்ந்தது. சென்சாரின் பல்வட்டம் முன்பக்கப் புல்லியிலோ பல்சக்கரத்திலோ இருந்தால் அதுவும் சேர்ந்தே நழுவிவிடும், ஸ்கேனர் ஒன்றும் சொல்லாது. சென்சார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் 'பிழை எதுவும் இல்லை' என்பதை நம்ப வேண்டாம்.

வண்டியைக் கொடுக்கும் முன் போல்ட் தலையிலிருந்து பல்சக்கரம் வரை குறுக்கே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவைத்தோம். ஆயில் மாற்ற வரும்போதெல்லாம் கீழ்மூடியின் ரப்பர் அடைப்பை எடுத்து டார்ச் அடித்தால் போதும், கோடு உடைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடைசியாக வந்தபோது உடையவில்லை. கிளட்ச் மட்டும் கொஞ்சம் வழுக்குகிறது என்றார், அதை அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.